ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் சைக்கிள் வேகம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். நடந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும். சாதாரண சைக்கிளில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். தினமும் நடந்து போய்வர முடியாத, ஆனால் சைக்கிளுக்கு வாகாக அமைந்த தூரம் இது. திருமங்கலத்தில் பிரியும் கொல்லம் நெடுஞ்சாலை கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டு, ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று மலையோரமாகவே இறங்கி, ஆரியங்காவு கணவாயில் மலையைக் கடக்கிறது. முன்பு 208 என்றிருந்த இந்த நெடுஞ்சாலையின் எண் இப்போது 744. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் அடியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கண்மாய்களும் இருக்கின்றன. கிழக்கே கரிசல் காடு விரிகிறது. சாலை பெரும்பாலும் சமதளம். ஓடைப் பாலங்களை ஒட்டி லேசான ஏற்ற இறக்கம் உண்டு. சைக்கிள் மிதிப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் தென்தமிழ்நாட்டில் குறைவு. இந்த வட்டாரத்தில் சைக்கிள் எப்படி வந்தது, வேகம் எப்படிப் பழகியது, அந்தப் பழக்கம் எப்போதும் ஏன் கூட்டாளிகளோடு சேர்ந்ததாகவே இருந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டியில் அமைந்தது. இரண்டு சக்கரமும் ஒரே அளவு, நடுவில் மிதி, பின்சக்கரத்துக்குச் செயின். மூன்று ஆண்டில் டன்லப்பின் காற்றடைத்த டயர் சேர்ந்துகொண்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சென்னை மாகாணத்தின் நகரங்களுக்குச் சைக்கிள் வந்துவிட்டது. முதலில் ஓட்டியவர்கள் துரைமார், பாதிரிமார், வக்கீல்கள், மருத்துவர்கள். ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என எல்லாமே கப்பலில் வந்தவை. விலை ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் என்பதால், ஊருக்கு ஒன்றிரண்டு சைக்கிள் இருந்தாலே பேச்சாக இருந்த காலம் அது. 1927இல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை இரண்டு ஊர்களையும் தொட்டுப் போனது. ஆனால் ரயில் போகும் நேரத்துக்குத்தான் போக முடியும். நினைத்த நேரத்தில் புறப்படும் வசதியைச் சாமானியனுக்குக் கொடுத்தது சைக்கிள்தான்.

நண்பர்கள் கூடிச் சைக்கிளில் பெருந்தூரம் போகும் ஆசை இந்தியாவில் அப்போதே முளைத்திருந்தது. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாய் பளுதூக்கும் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றிவரக் கிளம்பினார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் 71,000 கிலோமீட்டர் மிதித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். பந்தய சைக்கிளையும் பம்பாயும் வடஇந்திய நகரங்களும்தான் முதலில் கைக்கொண்டன. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் ஜானகி தாஸ் இந்தியாவுக்காக ஓட்டினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியச் சைக்கிள் அணி கலந்துகொண்டது. அந்த உலகத்துக்கும் ராஜபாளையத்துக்கும் தொடர்பே இல்லை. இங்கே சைக்கிள் வேலைக்கான வண்டி. வேகமும் வேலையிலிருந்துதான் வந்தது.

வேலையைக் கொடுத்தது பஞ்சாலை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. சுற்றியுள்ள சத்திரப்பட்டி, செட்டியார்பட்டி, தளவாய்புரம் ஆகியவை நெசவு ஊர்கள். மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணிக்குச் சத்திரப்பட்டி இன்றும் பேர்போனது. நூற்பாலையில் ஷிப்டு முறை. சங்கு ஊதும்போது ஆலை வாசலுக்குள் இருந்தாக வேண்டும். தாமதமானால் அரைநாள் கூலி போனது போனதுதான். நான்கு, ஐந்து, எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமங்களிலிருந்து தொழிலாளர்கள் சைக்கிளில் வந்தார்கள். இருட்டில் தனியாக வருவதைவிடச் சேர்ந்து வருவது பாதுகாப்பு. ஒருவனிடம் டைனமோ விளக்கு இருந்தால் அந்த வெளிச்சத்தில் நான்கு பேர் வரலாம். ஒருவனுக்குப் பஞ்சர் ஆனால் அவனை இன்னொருவன் கேரியரில் ஏற்றிக்கொள்ளலாம். கூட்டத்தோடு வருகிறவன் கூட்டத்தின் வேகத்துக்கு மிதித்தே ஆகவேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞனை முதல் வாரம் மூச்சு வாங்க வைத்து, ஆறு மாதத்தில் உரமேற்றிவிடும் பயிற்சி அது. அதற்குப் பயிற்சி என்ற பெயர் யாரும் வைக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் அதே வேலையைப் பால் செய்தது. அந்த ஊரின் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால், சுற்றுவட்டாரக் கிராமங்களில் விடியற்காலையில் பால் கறந்து, கேரியரின் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டு நகருக்குள் மிதித்து வந்த பால்காரர்கள் இருக்கிறார்கள். பால் வெயிலுக்குக் காத்திருக்காது. முப்பது, நாற்பது லிட்டர் பாலும் கேனும் வண்டியும் சேர்ந்து மிதிப்பவனின் எடையை எட்டிவிடும். அந்தப் பாரத்தோடு, தளும்பாமல், பிரேக்கை அடிக்கடி தொடாமல், ஒரே சீராக மிதிக்க வேண்டும். இன்றைய பயிற்சியாளர்கள் சீரான வேகம் என்று படித்துப் படித்துச் சொல்வதைப் பால்காரரின் கால் தானாகவே கற்றுக்கொண்டது. பத்திரிகைக் கட்டு போடும் பையன்கள், தந்தி கொண்டுவரும் சேவகர்கள், குச்சி ஐஸ் விற்பவர்கள் என்று நேரத்துக்குக் கட்டுப்பட்டு மிதித்தவர்களின் வரிசை நீளமானது.

அவர்கள் ஓட்டிய வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1949இல் ஏ.எம்.எம். முருகப்பச் செட்டியார் குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கின. ஆலை சென்னைக்கு அடுத்த அம்பத்தூரில் எழுந்தது. அங்கிருந்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் தமிழ்நாடெங்கும் போயின. அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் தலைவர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை இன்றும் இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் வங்கத்தில் சென் ராலேயும் வடக்கே அட்லஸும் ஹீரோவும் உற்பத்தியைத் தொடங்கின. இறக்குமதி நின்று உள்நாட்டு வண்டி வந்தபிறகுதான் ஆலைத் தொழிலாளியின் கைக்குச் சைக்கிள் எட்டியது. அப்போதும் அது ஒரே தவணையில் வாங்கும் பொருளாக இல்லை. போனஸ் வரும்போது வாங்குவது அல்லது கடனில் எடுத்து மாதாமாதம் கட்டுவதுதான் வழக்கம். கல்யாணச் சீரில் சைக்கிளும் கைக்கடிகாரமும் ரேடியோவும் சேர்த்துப் பேசப்பட்ட காலம் அது.

இந்தச் சாதாரண வண்டிக்கு 28 அங்குலச் சக்கரம். எடை இருபது கிலோவை ஒட்டி வரும். முன்பல் 44, பின்னால் பிரீவீலில் 18 பல் என்பது பரவலான அமைப்பு. ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகலாம். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்றுக்கு மேல் கால் சுழல வேண்டும். கியர் இல்லாததால் வேகத்துக்கு வேறு வழி கிடையாது. காலைச் சீக்கிரம் சுழற்றப் பழகியவனே வேகமான சைக்கிள்காரன். ஐரோப்பியப் பந்தய வீரர்கள் குளிர்காலப் பயிற்சியில் கியர் மாற்றாமல் ஓட்டி இதே பழக்கத்தை வலிந்து ஏற்படுத்திக்கொண்டார்கள். இங்கே வண்டியே அதைச் செய்ய வைத்தது. செயினுக்கு எண்ணெய், ரிம்மில் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் குண்டுகளை மாற்றி கிரீஸ் வைப்பது என்று ஆண்டுக்கொரு முறை ‘ஓவராயில்’ செய்த வண்டிக்கும் செய்யாத வண்டிக்கும் வேகத்தில் உள்ள வித்தியாசம் ஓட்டுகிறவனுக்கு முதல் நூறு அடியிலேயே தெரிந்துவிடும்.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. பேருந்து நிலையம், சினிமாக் கொட்டகை, பள்ளிக்கூட முக்கு என்று ஊரின் எல்லாத் திருப்பத்திலும் ஒரு கடை. வரிசையாக நிற்கும் வண்டிகளின் பின் மட்கார்டில் கடைப் பெயரும் எண்ணும் வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். கடைக்காரர் நீளமான நோட்டில் வண்டி எண், ஆள் பெயர், தெரு, எடுத்த நேரம் என்று எழுதிக்கொள்வார். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்றால்தான் வண்டி கிடைக்கும். மணிக்கணக்கில் வாடகை, ஐந்து நிமிடம் தாண்டினால் அடுத்த அரைமணிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்குத்தான் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு வேகத்தின் முதல் பாடத்தைக் கற்பித்தது. நாலு பேர் காசு சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டி எடுப்பார்கள். ஆளுக்குக் கால்மணி. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத பையன் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப்பெடல் போடுவான். கூட ஓடிவருகிற நண்பன் கேரியரைப் பிடித்திருப்பான். பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே எப்போதோ விட்டிருப்பான். ஓட்டத் தெரிந்தபின், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்து ஊரைத் தொட்டுவிட்டுத் திரும்பும் பந்தயம் தானாக வரும். இந்தப் பகுதியில் நடந்த முதல் நேரப் பந்தயங்கள் இவைதான் என்று தயங்காமல் சொல்லலாம். கைக்கடிகாரத்துக்குப் பதில் கடைச் சுவரின் கடிகாரம் நேரம் குறித்தது.

சைக்கிளுக்கு அன்று சட்டமும் உண்டு. நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ ஆண்டு வரி கட்டி, அதற்கு அடையாளமான வில்லையை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். இருட்டியபின் விளக்கில்லாமல் போனாலும், இரண்டு பேராகப் போனாலும் போலீஸ்காரர் நிறுத்துவார். சக்கரத்துக் காற்றைப் பிடுங்கி விடுவது அன்றைய தண்டனைகளில் ஒன்று.

வேலைக்கு வெளியே சைக்கிளைக் கொண்டாடிய நிகழ்ச்சிகள் இரண்டு வகை. ஒன்று, இரவு பகலாகச் சைக்கிள் சுற்றுவது. ஊர்ப் பொட்டலில் வட்டமாகக் கயிறு கட்டி, நடுவே கம்பம் நட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஒரு வீரர் நாள்கணக்கில் காலைத் தரையில் ஊன்றாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் வண்டியிலேயே. மாலையில் கூட்டம் சேர்ந்ததும் பாட்டும் ஆட்டமும் நடக்கும். பல்லால் பளுவைத் தூக்குவது, டியூப் லைட்டை மார்பில் உடைப்பது போன்ற சாகசங்களும் உண்டு. கடைசி நாளில் ஊர்க்காரர்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தி மாலை போடுவார்கள். 1960களிலிருந்து 1980கள் வரை தென்மாவட்டங்களில் இது பரவலாக நடந்தது. இந்த வீரர்கள் வித்தைக்காரர்கள் என்று ஒதுக்கப்பட்டுவிட்டார்கள். தாங்குதிறன் என்ற அளவில் பார்த்தால், தூக்கத்தையும் முதுகுவலியையும் வென்று நான்கைந்து நாள் வண்டியை நிமிர்த்தி வைத்திருந்தவர்கள் விளையாட்டு வீரர்களே. அவர்களுக்கு உரிய இடத்தைத் தமிழக விளையாட்டு வரலாறு இன்னும் கொடுக்கவில்லை.

இரண்டாவது, பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நடக்கும் பந்தயங்கள். மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும் அதே சாலையில் சைக்கிள் பந்தயமும் நடந்தது. இளைஞர் மன்றம் ஏற்பாடு செய்யும். பரிசு குத்துவிளக்கோ எவர்சில்வர் குடமோ ரொக்கமோ. கூடவே மெதுவாக ஓட்டும் பந்தயமும் இருக்கும்: கடைசியாக வருகிறவர் வெற்றியாளர், கால் ஊன்றினால் வெளியே. வேகப் பந்தயத்தைவிட மெதுப் பந்தயமே கடினம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். வண்டியின் மேல் கட்டுப்பாடு அதில்தான் வருகிறது.

இந்தப் பழக்கம் முழுவதும் ஆண்களுடையதாக இருந்தது. அதை உடைத்தது புதுக்கோட்டை. 1991இல் அந்த மாவட்டத்தின் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணியோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியதால் உலகம் அறிந்தது. பின்னர் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் அது விரிந்தது. பள்ளி விடும் நேரத்தில் ஒரே நிற சைக்கிள்களில் ஐந்தும் ஆறுமாகப் பேசிக்கொண்டு போகும் மாணவியரை இப்போது தமிழ்நாட்டின் எந்தச் சாலையிலும் பார்க்கலாம்.

இதற்குள் பெரியவர்கள் சைக்கிளை விட்டு இறங்கியிருந்தார்கள். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 பால்காரரின் கேனை ஏற்றிக்கொண்டது. அடுத்த இருபது ஆண்டில் மோட்டார் சைக்கிள் ஆலைத் தொழிலாளியை ஏற்றிக்கொண்டது. மினிபஸ்கள் வந்தன, நூற்பாலைகள் தொழிலாளர்களுக்கு வண்டி அனுப்பத் தொடங்கின. வாடகைக் கடைகள் முதலில் பஞ்சர் கடைகளாகி, பிறகு டூவீலர் பட்டறைகளாகின.

சைக்கிள் வேகம் விளையாட்டாகத் தொடர்ந்த ஓர் அரசு மேடை அறிஞர் அண்ணா மிதிவண்டிப் போட்டி. அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதை மாவட்டந்தோறும் நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு. மாணவர்களுக்கு 15 கிலோமீட்டரும் 20 கிலோமீட்டரும், மாணவியருக்கு 10 கிலோமீட்டரும் 15 கிலோமீட்டரும் தூரம். இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும், கியர் கூடாது என்பது விதி. மிகவும் நியாயமான விதி. பணக்கார வீட்டுப் பையனின் வண்டிக்கும் இலவச சைக்கிளுக்கும் உள்ள தூரத்தை அது குறைத்துவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளும் மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளைப் போல இதில்தான் முதன்முதலாக எண் அட்டை குத்திக்கொண்டு சாலையில் ஓட்டுகிறார்கள்.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு சைக்கிள் வேறொரு வழியில் திரும்பி வந்தது. கியர் வைத்த, வளைந்த கைப்பிடி கொண்ட, பத்துக் கிலோவுக்கும் குறைவான சாலைச் சைக்கிள்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. அம்பத்தூர் ஆலையின் உரிமையாளர்களே மோன்ட்ரா என்ற பெயரில் அந்த வகையை விற்றார்கள். சென்னை, கோவை போன்ற நகரங்களில் விடியற்காலைக் குழுக்கள் தோன்றின. 2008இல் நீலகிரிச் சுற்றுப் பயணம் தொடங்கியது. பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களும் பரவின. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300ஐ 20 மணியிலும், 400ஐ 27 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவருக்கு சூப்பர் ராண்டனர் என்ற பட்டம். 1891இல் தொடங்கிய பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இதுதான் வாசல். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த ஓட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆள்கள் போகிறார்கள். மருத்துவர், ஆசிரியர், வங்கி ஊழியர், சொந்தத் தொழில் செய்பவர் என்று முப்பது வயதைக் கடந்தவர்களே இதில் மிகுதி. பால்காரர் விட்ட வண்டியை அவருடைய வாடிக்கையாளர் எடுத்திருக்கிறார் என்று சொல்லலாம்.

இவர்கள் கூடிப் பயிற்சி செய்வதற்குக் காரணம் துணை மட்டும் கிடையாது. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போகிறவரின் உழைப்பில் பெரும்பங்கைக் காற்று தின்றுவிடுகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் மும்மடியாக ஏறும். அதனால் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட, ஆற்றலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டியிருக்கிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்குக் காற்றுத் தடை சுமார் 38 சதவீதம் குறைவதாக அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் செஸ்டர் கைல் 1979இல் அளந்து வெளியிட்டார். ஆகவே நான்கு பேர் ஒற்றை வரிசையில் போய், முன்னால் இருப்பவர் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இழுத்துவிட்டு விலகிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் முன்னுக்கு வந்தால், நால்வரும் தனியாகப் போகும் வேகத்தைவிட மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் கூடுதலாகப் போக முடியும். முன்னால் வந்ததும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவது புதியவர்கள் செய்யும் தவறு. அது வரிசையைப் பிய்த்துவிடும். பழைய வேகத்தையே பிடித்துக்கொண்டு, குழி வந்தால் கையைக் கீழே நீட்டிக் காட்டி, விலகும்போது முழங்கையை ஆட்டி, திடீரென்று பிரேக் பிடிக்காமல் போவது பழக வேண்டிய ஒழுக்கம். டைனமோ விளக்கின் பின்னால் வரிசையாக வந்த ஷிப்டுக்காரர்கள் எதிர்காற்றுக் காலத்தில் பலசாலியை முன்னால் விட்டுப் பின்னால் ஒண்டிக்கொண்டதன் கணக்கு இதுதான்.

காற்று இந்தச் சாலைக்குச் சிறப்பான ஆசிரியர். தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும். தென்காசி, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பியே நிற்கின்றன. சாலை ராஜபாளையத்திலிருந்து வடகிழக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், தென்மேற்காகத் தென்காசிக்கும் போவதால், ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் நோக்கிப் போகிறவருக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். தென்காசி நோக்கிப் போனால் புளியங்குடி தாண்டியதும் பக்கக்காற்றும் எதிர்காற்றும் மாறி மாறி அடிக்கும். பக்கக்காற்றில் ஒற்றை வரிசை பயன்படாது. காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கமாகச் சாய்ந்து, ஏணிப்படி போல ஒருவருக்கொருவர் சற்றே விலகிப் போக வேண்டும். பெல்ஜியத்தில் வீரர்கள் கடற்கரைக் காற்றில் கற்கும் பாடம் இது. சாலையின் முழு அகலத்தையும் கேட்கும் முறை என்பதால் போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலையில் இதைச் செய்யக் கூடாது. சிவகாசி, வத்திராயிருப்பு போன்ற பக்கங்களுக்குப் பிரியும் கிளைச் சாலைகளில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில்தான் பழகலாம்.

வாரம் முழுவதும் ஒரே வேகத்தில் மிதித்தால் வேகம் ஓரளவோடு நின்றுவிடும் என்பது 1930களிலேயே தெரிந்துவிட்ட உண்மை. ஜெர்மனியில் வோல்டமார் கெர்ஷ்லர் ஓட்டக்காரர்களுக்காக வகுத்த விட்டுவிட்டு ஓடும் முறையைச் சைக்கிள் வீரர்களும் எடுத்துக்கொண்டார்கள். நான்கு அல்லது ஐந்து நிமிடம் மூச்சுத் திணறும் வேகம், அதே அளவு ஓய்வு மிதிப்பு, பிறகு மீண்டும். வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய அளவு மெதுவாகப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ராஜபாளையத்தில் புறப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் போய்த் திரும்பினால் 45 கிலோமீட்டர் அளவில் வரும். தென்காசி போய்வந்தால் 120 கிலோமீட்டரைத் தொடும். மலையேற்றம் பழக வேண்டுமென்றால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வரை போகவேண்டும். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது. கரிசல் காட்டு வெயில் எந்தப் பயிற்சித் திட்டத்துக்கும் கட்டுப்படாது. மிதிக்கும் ஆற்றலை வாட் கணக்கில் அளக்கும் கருவியை ஜெர்மானியரான உல்ரிச் ஷோபெரர் 1986இல் உருவாக்கினார். 2009இல் வந்த ஸ்ட்ராவா செயலி எந்தத் துண்டுச் சாலையில் யார் எத்தனை நிமிடத்தில் போனார் என்பதைப் பட்டியலிட்டது. கருவிகள் உதவும். ஆனால் ஐந்தாவது முறை மிதிக்கும்போது விட்டுவிடத் தோன்றும் மனத்தைப் பிடித்து வைப்பது பக்கத்தில் மிதிக்கும் நண்பன்தான். அதற்கு வேறு கருவி கிடையாது.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலைப் பணி அண்மை ஆண்டுகளில் தொடங்கியிருக்கிறது. கனரக வண்டிகள் புதிய சாலைக்குப் போனால் பழைய சாலை சைக்கிளுக்கு மீண்டும் வாகாகலாம். போகாவிட்டால் விடியற்காலைப் பயிற்சி உயிரைப் பணயம் வைக்கும் காரியமாகவே இருக்கும். பின்விளக்கும் தலைக்கவசமும் பளிச்சென்ற சட்டையும் இல்லாமல் இந்தச் சாலையில் இருட்டில் யாரும் இறங்கக் கூடாது.

கர்நாடகத்தின் விஜயபுரா, பாகல்கோட்டை மாவட்டங்களும் இதே போன்ற வறண்ட சமநிலம்தான். அங்கே அரசு விளையாட்டு விடுதியில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, பந்தய சைக்கிளும் பயிற்சியாளரும் கொடுத்தார்கள்; தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கும் வீரர்களும் வீராங்கனைகளும் அங்கிருந்து தொடர்ந்து வருகிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில் சாலை இருக்கிறது, காற்று இருக்கிறது, பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிள் இருக்கிறது, செப்டம்பரில் போட்டியும் இருக்கிறது. அந்தப் போட்டியில் முதல் பத்து இடங்களுக்குள் வரும் மாணவ மாணவியரை மறுநாளே மறந்துவிடாமல், அவர்களுக்கு ஒரு பயிற்சியாளரையும் பத்து பந்தய சைக்கிள்களையும் மாவட்ட நிர்வாகமோ ஊரின் ஆலை நிறுவனங்களோ கொடுக்க வேண்டும்.